அரண்மனைக்காரத் தெருவும் வாச்சாத்தியும்

ஏப்ரல் 24 மாலை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் கீழே உள்ள காலனிகளிலிருந்து, மீதிப் பேர் மேலே கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்க வந்தவர்கள். வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்புதான். அன்றைக்கு ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றிப் பேசினேன். கரும்பலகையில் 1915 என்று எழுதி, கான்ஸ்டான்டிநோபிளில் அந்த ஒரே இரவில் கைது செய்யப்பட்ட எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் பற்றிச் சொல்லி, சிரியப் பாலைவனம் வரை வந்துவிட்டேன். பிள்ளைகள் அமைதியாகத்தான் கேட்டார்கள். முடித்ததும் மலையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அண்ணா, பாலைவனத்துல நடந்தத இவ்வளவு வெவரமா சொல்றீங்க. வாச்சாத்தி எங்க அத்தைய கட்டிக் குடுத்த ஊருக்குப் பக்கம். அத ஏன் எங்களுக்கு யாருமே சொல்லித் தரல?"

கூடத்தில் இருந்த மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாச்சாத்தி என்ற பெயரே தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் போதவில்லை. சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வகுப்புக்கு முன்பே நண்பர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியர், என்னிடம் சண்டை போட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம கதையே தெரியாது. இதுல ஆர்மீனியா எதுக்கு?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் காயத்தை மட்டுமே படிக்கிற பிள்ளை, அதைத் தன் தலையெழுத்து என்றோ, தன் ஊருக்கு மட்டும் வந்த சாபம் என்றோ நினைத்துவிடும். வேறொரு நாட்டில் வேறொரு மக்களுக்கு இதே மாதிரி காரியம் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டது என்று பார்க்கும்போதுதான், அது விதியல்ல, ஆட்கள் உட்கார்ந்து திட்டம் போட்டு, ஆணை எழுதி, முத்திரை குத்திச் செய்த வேலை என்பது புரியும். ஆர்மீனியாவைப் படிக்கச் சொல்வதற்கு என் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆர்மீனியர்கள் நமக்கு அவ்வளவு அந்நியர்கள் அல்ல. சென்னைக்குப் போகிற நம் பிள்ளைகள் பாரிமுனையில் உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் அரண்மனைக்காரத் தெருவைப் பார்த்திருப்பார்கள். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது என்பார்கள். அந்தத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தை 1726-இல் தன் சொந்தக் காசில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தாரார்' 1794-இல் வெளிவந்தது சென்னையில்தான். அதை அச்சிட்ட பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற இன்னொரு சென்னை ஆர்மீனியர், தன் மக்களுக்கு ஒரு நாடே இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கு ஓர் அரசியல் சட்ட வரைவை எழுதி இங்கேயே அச்சிட்டார். கையில் நாடு இல்லாதவன் அரசியல் சட்டம் எழுதுகிறான்! அம்பேத்கரைப் படித்து வளர்கிற பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும், அந்த மக்களின் பெயர் நம் நகரத்தில் ஒரு தெருப் பெயராகக்கூட ஒழுங்காக மிஞ்சவில்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வாய்வழக்கு அப்படி. கெட்ட எண்ணத்தோடு அழிக்கப்பட்டது வேறு இடத்தில்.

1915-இல் நடந்ததை ஒரு வரியில் 'துருக்கியர்கள் ஆர்மீனியர்களைக் கொன்றார்கள்' என்று சொல்லி முடித்தால் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். படிப்படியாகச் சொல்ல வேண்டும். உஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் கிறித்தவர்கள், சிறுபான்மையினர், சட்டப்படி இரண்டாம் தரக் குடிகள். அடங்கியிருந்தவரை அவர்களுக்கு 'விசுவாசமான சமூகம்' என்று பட்டப்பெயர் இருந்தது. சம உரிமை கேட்கத் தொடங்கியதும் துரோகிகள் ஆனார்கள். 1894 முதல் 1896 வரை ஒரு படுகொலை, 1909-இல் அதானாவில் இன்னொன்று. இவற்றுக்குப் பெரிதாக எந்தத் தண்டனையும் இல்லை. அதுவே அடுத்ததற்கு ஒத்திகை ஆயிற்று. உலகப் போர் தொடங்கியதும் படையிலிருந்த ஆர்மீனிய ஆண்களிடம் துப்பாக்கியைப் பிடுங்கி, சாலை போடவும் மூட்டை தூக்கவும் அனுப்பினார்கள். பிறகு கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ஏப்ரல் 24 இரவு தலைநகரில் அறிவாளிகளைப் பிடித்தார்கள். பேசக்கூடியவனும் சண்டை போடக்கூடியவனும் இல்லை என்றான பிறகு, மிச்சமிருந்த பெண்கள், குழந்தைகள், கிழவர்களை ஊர் ஊராகக் கிளப்பிப் பாலைவனத்தை நோக்கி நடத்தினார்கள். டெர் ஸோர் என்ற இடத்தின் பெயரைக் கேட்டால் இன்றும் ஆர்மீனியர்களுக்கு உடம்பு பதறும். செத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாளர்களின் கணக்கு. 15 லட்சம் என்று ஆர்மீனியர்கள் சொல்கிறார்கள்.

இதில் பிள்ளைகளை நான் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்வது அரசாங்கம் பயன்படுத்திய மொழியை. 1915 மே மாதம் போட்ட சட்டத்தில் கொலை என்ற சொல்லே இல்லை. இடமாற்றம் என்றுதான் இருக்கும். போர்க்காலப் பாதுகாப்புக்காகச் சிலரை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். பிறகு 'கைவிடப்பட்ட சொத்துகள்' பற்றி ஒரு சட்டம் வந்தது. யாரும் கைவிடவில்லை, துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் காகிதத்தில் அந்த வீடும் நிலமும் கைவிடப்பட்டவை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. நிலத்தை எடுத்துக்கொண்டவர், அந்த நிலம் யாருடையது என்று தன் பேரனுக்குச் சொல்லுவாரா?

இப்போது வாச்சாத்திக்கு வருவோம். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். கல்வராயனுக்குப் பக்கத்து மலை. கல்வராயனில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். காகிதத்தில் அது 'சந்தனக் கட்டை தேடுதல்'. நடந்தது என்ன? 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் வீணாக்கப்பட்டது, குடிக்கிற கிணறு கெடுக்கப்பட்டது. குழந்தைகளோடு பெண்கள் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரே காலியாகி, மக்கள் மலையில் ஒளிந்து கிடந்தார்கள். அன்றைய அரசு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால்தான் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு வழக்கு போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். அந்தப் பெண்களில் சிலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள். தீர்ப்பு வந்தபோது பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள்.

'இடமாற்றம்', 'சந்தனக் கட்டை தேடுதல்'. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, பிள்ளைகளை யோசிக்க விட்டேன். காலனிப் பையன் ஒருவன் மூன்றாவதாக 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று எழுதச் சொன்னான். அவன் வீட்டுக் கதை அது. எழுதினேன்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. நம் மேடைகளில் இப்போது இனப்படுகொலை என்ற சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. எந்தக் கொடுமைக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறோம். கோபத்தில் வருவதுதான், புரிகிறது. ஆனால் மாணவர்களுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை 1944-இல் உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். ஆர்மீனியர்களுக்கு நடந்தது அவர் மனத்தில் இளமையிலேயே முள்ளாகத் தைத்திருந்தது. ஒரு மனிதனைக் கொன்றால் குற்றம், பத்து லட்சம் பேரை ஓர் அரசு கொன்றால் அது உள்நாட்டு விவகாரமா என்பதே அவருடைய கேள்வி. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அந்த உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி ஒரு தேசிய, இன, நிற, மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் செயல்தான் இனப்படுகொலை. கொல்வது மட்டுமல்ல, வாழ முடியாத நிலைமையை உண்டாக்குவது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது எல்லாம் அதில் சேரும்.

சாதி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏன் இல்லை? உடன்படிக்கையை எழுதியபோது அரசியல் குழுக்களையும் சேர்க்கலாமா என்று வாதம் நடந்து, வல்லரசுகளின் வசதிக்காக அது விடப்பட்டது. சாதிக்காக அங்கே பேச ஆள் இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இந்தியா 1959-இல் அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது. ஆனால் அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை. 2018 டிசம்பரில் 1984 சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் தீர்ப்பளித்த டெல்லி உயர்நீதிமன்றமே, இனப்படுகொலை என்பது நம் சட்டத்தில் ஒரு குற்றமாக இல்லை என்று சுட்டிக்காட்டியது. நமக்கென்று இருப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அது சின்ன விஷயம் அல்ல. நாம் போராடிப் பெற்ற சொல் வன்கொடுமை. வாச்சாத்தியை வாச்சாத்தி என்றே சொல்லலாம். அதன் கொடுமைக்குப் பெரிய பெயர் வைத்தால்தான் மதிப்பு என்பது இல்லை. கடன் வாங்கிய சொல்லில் சொன்னால், எதிராளி சொல்லைப் பற்றி வாதம் செய்து, நடந்ததைப் பற்றிப் பேசாமல் தப்பித்துவிடுவான்.

முள்ளிவாய்க்காலைப் பற்றியும் கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? கனடாவின் ஒண்டாரியோ சட்டமன்றம் 2021-இல், மே 18-இல் முடியும் வாரத்தைத் தமிழ் இனப்படுகொலை கல்வி வாரமாக அறிவித்துச் சட்டம் போட்டது. சிங்கள அமைப்புகள் நீதிமன்றம் போயும் சட்டம் நின்றது. டொரன்டோ பள்ளிகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆர்மீனியா, யூதர்கள், ருவாண்டா பற்றிய பாடத்திட்டம் இருந்தது. அதற்குத் துருக்கியச் சமூகத்தின் எதிர்ப்பும் இருந்தது. எங்கே பாடம் வைத்தாலும் 'எங்கள் பிள்ளைகள் மனம் புண்படும்' என்று ஒரு தரப்பு வரும். அதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த வகுப்பில் துருக்கியப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அது 1915-இல் பிறக்கவில்லை.

நம் வகுப்பறையிலும் இதே சிக்கல்தான், இன்னும் கூர்மையாக. கீழ்வெண்மணியைப் பாடமாக எடுத்தால், ஒரே பெஞ்சில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் இருப்பார்கள். ஆசிரியர் பேசும்போது வகுப்பே திரும்பிக் காலனிப் பிள்ளையைப் பார்க்கும். இதைவிடக் கொடிய பாடம் வேறு இல்லை. நான் பத்தாவது படித்தபோது ஓர் ஆசிரியர் 'தீண்டாமை' பாடம் நடத்த என்னை எழுப்பி நிற்க வைத்தார். நல்ல எண்ணத்தில்தான். அந்த நாற்பது நிமிடம் இன்னும் எனக்கு முடியவில்லை. ஆகவே நாம் கேட்பது வெறும் பாடம் அல்ல, அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் சேர்த்துத்தான். எங்கள் கூடத்திலேயே முதல் மாதம் மலைப் பிள்ளைகள் ஒரு பக்கமும் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு எந்த வரலாற்றையும் சொல்ல முடியாது.

துருக்கியப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் கொடுக்க நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது: மெஹ்மெத் ஜெலால் பே. அலெப்போவிலும் பிறகு கோன்யாவிலும் ஆளுநராக இருந்தவர். ஆர்மீனியர்களைக் கிளப்பும் ஆணையை நிறைவேற்ற மறுத்தார், பதவி பறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அவரால் பிழைத்தார்கள். மறுக்க முடிந்தது என்பதற்கு அவர் சாட்சி. வாச்சாத்திக்குப் போன 269 பேரில் ஒருவராவது 'நான் வரவில்லை' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகள் அரை மணி நேரம் விவாதித்தார்கள். அதில் நான் வாயே திறக்கவில்லை.

சொல்லக் கடினமான ஒன்றையும் தவிர்க்கவில்லை. ஆர்மீனியப் படுகொலையின் முக்கியத் திட்டக்காரரான தலாத் பாஷாவுக்குப் போருக்குப் பிந்தைய உஸ்மானிய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே ஜெர்மனிக்குத் தப்பிவிட்டார். 1921-இல் பெர்லின் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் அவரைச் சுட்டுக் கொன்றார். ஜெர்மன் நடுவர்கள் அந்த இளைஞரை விடுதலை செய்தார்கள். நம் பக்கம் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம், இவ்வளவு வசதி படைத்த நிலக்கிழார்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் விடுதலை செய்தது. 1980-இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

"அப்ப அது சரிதானே அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்றேன். லெம்கினையும் இதே கேள்விதான் உலுக்கியது. ஓர் ஆர்மீனிய இளைஞன் தானே நீதிபதியாகவும் கொலையாளியாகவும் ஆக வேண்டி வந்ததே, ஏன் என்று கேட்டு அவர் ஒரு சட்டம் தேடிப் போனார். பையன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வைக்க நானும் முயலவில்லை.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டம். அதற்கு முன் எல்லாம் தென்னாற்காடு. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நம் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் தாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அவரும் பேச விரும்பவில்லையாம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை உலகமே பார்த்தது. அது இனப்படுகொலை அல்ல. ஆனால் செத்தவர்கள் யார், எந்தத் தெருவில் இருந்தவர்கள், அதற்கு முன் அந்தத் தெருவை யாராவது எட்டிப் பார்த்தார்களா என்ற கேள்விகளை வரலாற்று வகுப்பில் கேட்க முடியாது என்றால், அந்த வகுப்பை எதற்கு நடத்துவது?

மேலே டெல்லியில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் சுமை குறைப்பு என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடத்திலிருந்து 2002 குஜராத் படுகொலையையும், தலித் பேந்தர்கள் இடம்பெற்ற மக்கள் இயக்கங்கள் பாடத்தையும் எடுத்துவிட்டது. சுமை குறைப்பு! பலகையில் நான்காவது சொல் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் நாம் அதைக் கண்டித்தோம், சரி. ஆனால் இங்கே பாடத்திட்டம் நம் கையில்தான் இருக்கிறது. பள்ளிகளில் சாதியை ஒழிக்க என்ன செய்யலாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கயிறைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் பாடம் இருக்கிறது. அதில் ஆர்மீனியாவுக்கு இரண்டு பக்கம் வேண்டும். இந்திய விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாடு பற்றி எழுதும் பக்கங்களில் கீழ்வெண்மணி, விழுப்புரம், வாச்சாத்தி மூன்றும் தேதியோடும் தீர்ப்போடும் வேண்டும். பாடத்திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் கருத்துக் கேட்பார்கள். கல்லூரித் தோழர்கள் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் முகநூலில் பொங்குவதால் ஒரு வரியும் மாறாது.

வாச்சாத்தியைக் கேட்ட பெண்ணுக்கு நான் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருடம் கழித்துத்தான் அந்த மலைக்கு அது ஏறியது. அந்தக் காலத்தை நேரில் கண்ட கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் நோட்டில் எழுதி வரச் சொன்னேன். போன வாரம் ஆறு பக்கம் எழுதி வந்தாள். ஏழாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. பாட்டி அழுததால் இன்றைக்கு நிறுத்திவிட்டேன், அடுத்த சனிக்கிழமை மீண்டும் போவேன் என்று எழுதியிருந்தாள்.